ஒரு சைஸ் பெரிய இன்ஜின்

"கல்லுக்குள்ள எறங்கணும். அவ்ளோதான். கல்லத் தாண்டி எறங்குச்சுன்னா, வந்த வண்டியிலயே ஏறிப் போய்க்கினே இருக்கணும்" என்றாள் பொன்னியம்மாள்.

மறைமலை நகரைத் தாண்டி உள்ளே போனால் அவளுடைய நிலம். மனை போட்டு விற்றுத் தருகிறேன் என்று யாரோ வந்து, சுண்ணாம்பு அடித்த கற்களைச் சுற்றிலும் நட்டுவிட்டு, அப்புறம் காணாமல் போய்விட்டார். ஆள் போனாலும் கற்கள் நின்றன. நடுவில் நல்ல கட்டாந்தரை. மேற்கு ஓரத்தில் அவளுடைய மாட்டுக் கொட்டகை. அதில் ஒரு சினை எருமை இருந்தது. அது எங்களைப் பார்த்த பார்வையிலேயே சம்மதம் இல்லை என்று தெரிந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம பறக்க வுட்டுக் காட்டுங்க. ஒயுங்கா எறங்குச்சுன்னா வாரா வாரம் வாங்க. இல்லன்னா கிரிக்கெட் பசங்க கேட்டுக்கினு கீறானுங்க. அவனுங்களுக்கு வுட்டுடுவேன்."

என் மனைவி சுந்தரவல்லி தலையை ஆட்டினாள். அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வகுப்பில் அவள் முறைத்தால் மேலே சுற்றும் மின்விசிறி நின்றுவிடும். எலக்ட்ரீஷியன் வந்து ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, "டீச்சர், கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாருங்க" என்பார். மறுபடி சுற்றும். அப்படிப்பட்டவள் ஒருத்தியின் முன்னால் பணிந்து தலையாட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

காரணம் இருந்தது. ஓய்வு பெற்றபின் அவள் ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்றைத் தன் கையாலேயே செய்திருந்தாள். லேசான மரத்தை வெட்டி, ஒட்டி, மேலே மஞ்சள் உறை இழுத்து, ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இறக்கைதான் இருந்தது. நான் நின்றுகொண்டே சாப்பிட்டதில் ஓரங்குலம் உயர்ந்துவிட்டேன். ஆனால் அதைப் பறக்கவிட இடம் இல்லை. நாங்கள் இருப்பது பொழிச்சலூர். விமான நிலையம் கூப்பிடு தூரம். இறங்குகிற விமானங்கள் எவ்வளவு தாழ்வாக வரும் என்றால், ஒருமுறை மொட்டை மாடியில் காய்ந்த என் எட்டு முழ வேட்டி சக்கரத்தில் மாட்டிக்கொண்டு போய், மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. நம்பாதவர்கள் வந்து வேட்டியைப் பார்க்கலாம். அங்கே பொம்மை விமானம் பறக்கவிட்டால் கையில் விலங்குதான். தாம்பரம் பக்கம் விமானப்படை. காட்டாங்குளத்தூருக்கு அப்பால் அவள் பறக்கவிடக் கற்றுக்கொண்ட மைதானத்தில் கட்டடம் எழும்பிவிட்டது. இருக்கிற ஒரே இடம் பொன்னியம்மாளுடைய கட்டாந்தரைதான். இதுவும் போனால் மஞ்சள் விமானம் காலமெல்லாம் என் சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கும்.

அதனால்தான் இன்ஜின் விஷயத்தில் அவள் அத்தனை பயந்தாள்.

பக்கத்துத் தெரு எலியேசர்தான் தம் விமானத்தைக் கொடுத்து அவளுக்குப் பறக்கவிடச் சொல்லிக் கொடுத்தவர். மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். அனுமதிக் காகிதங்களையும் அவரே பார்த்துக்கொண்டார். அவர் சொன்னது சுருக்கம்.

"அக்கா, இது ட்ரெய்னர். கத்துக்கறவங்களுக்கான ப்ளேன். இறக்கை மேல இருக்கு, அடியில தட்டையா இருக்கு. மெதுவாப் போனாத்தான் இதுக்கு அழகு. இந்த உடம்புக்கு நாப்பத்தாறு நம்பர் இன்ஜின் சரியா இருக்கும். அதுக்கு மேல போகாதீங்க."

நம்பர் ஏற ஏற இன்ஜின் பெரிசு. அவ்வளவு தெரிந்தால் போதும். சுந்தரவல்லியும் நாற்பத்தாறுக்குத்தான் மூக்கை அளந்து செய்திருந்தாள்.

அப்போதுதான் பத்ரி வந்தான்.

பத்ரி என் மைத்துனன், சுந்தரவல்லியின் ஒரே தம்பி. மேற்குத் தாம்பரத்தில் பள்ளிச் சீருடைக் கடை வைத்திருக்கிறான். அந்தக் கடையில் எந்தப் பிள்ளைக்கும் அதன் அளவில் சட்டை கிடைத்ததில்லை. "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடுங்கோ" என்பான். தாம்பரத்தில் ஒரு பையன் ஆறாம் வகுப்பில் அவனிடம் எடுத்த டிராயரைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டான், அப்போதும் இடுப்பில் பிடித்து இழுத்துச் செருகவேண்டியிருந்தது. நானே அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டேன்.

பத்ரி ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்தான். திறந்தால் அறுபத்தொன்று நம்பர் இன்ஜின்.

"பத்ரி, நான் நாப்பத்தாறுதானே வாங்கிண்டு வரச் சொன்னேன்?" என்றாள் சுந்தரவல்லி.

"நாப்பத்தாறு இன்னிக்கு ஆகும். நாளைக்கு நீ பெரிய ப்ளேன் பண்ணுவே. அப்போ இன்னொண்ணு வாங்குவியா? ஒரு சைஸ் பெரிசா இருந்துட்டுப் போகட்டுமே. டேங்கும் ஒரு சைஸ் பெரிசாவே வாங்கிட்டேன்."

எலியேசர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பாம்புப் பெட்டிக்குள் பார்ப்பதுபோல.

"சார், ப்ளேன் வளராது சார்."

"ஏறுறதுக்கு பலம் வேண்டாமா? அதுவுமில்லாம அக்காவுக்கு அறுபத்தொண்ணு நடக்கறது. இன்ஜினும் அறுபத்தொண்ணு. இது எங்காத்துச் சீர்."

அந்தச் சொல் விழுந்ததும் எலியேசர் பெட்டியிலிருந்து தலையை எடுத்துக்கொண்டார். பிறந்த வீட்டுச் சீரை வேண்டாம் என்று எந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்? புடவை என்றால் ஒருநாள் கட்டிவிட்டு மடித்து வைக்கலாம். இன்ஜினை விமானத்தில் மாட்டாமல் எங்கே வைப்பது? சுந்தரவல்லி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"மாட்டலாம்" என்றாள் அவள், பல்வலி வந்தவள் குரலில்.

மூக்குப் பலகையை அறுத்து அகலப்படுத்தினார்கள். இன்ஜின் முன்னால் ஒரு விரல்கடை கூடுதலாக நீட்டிக்கொண்டு நின்றது. மூக்கு கனத்ததால் வாலில் ஈயம் வைத்தார்கள். ஓட்டிப் பார்த்தபோது மேஜையே குளிர்காய்ச்சல் கண்டதுபோல நடுங்கியது. எலியேசர் ஒவ்வொரு திருகையும் மறுபடி மறுபடி முறுக்கினார். "வெறும் ஆட்டத்துலயே எதாவது கழண்டுரும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேற்கிலிருந்து காற்று. பொன்னியம்மாள் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள், நீதிபதி மாதிரி. எருமை கொட்டகையிலிருந்து தலையை நீட்டியது.

எலியேசர் டேங்கில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தார். அதற்காகச் சைலன்சரிலிருந்து டேங்குக்குப் போகும் மெல்லிய டியூபைக் கழற்றி விட்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பத்ரி பையிலிருந்து எலுமிச்சம்பழமும் சந்தனக் கிண்ணமும் எடுத்தான்.

"புது வண்டி. பூஜை போடாம கிளப்பறதா?"

சக்கரத்துக்கு அடியில் பழம். இறக்கைக்குப் பொட்டு. வாலுக்குப் பொட்டு. இன்ஜின் தலைக்குப் பெரிய பொட்டு. சைலன்சரின் மேலே டியூப் மாட்டுவதற்காகக் குட்டி மூக்குபோல ஒரு பித்தளைக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் விடவில்லை. அதன் நுனியில் தாராளமாக ஒரு பொட்டு.

"சார், சக்கரத்துல எலுமிச்சம்பழம் வெச்சா எப்படி சார் ஓடும்?" என்று எலியேசர் அவனோடு சண்டை பிடித்துக்கொண்டே, குனிந்து பாராமல் கையாலேயே தடவி டியூபை மாட்டினார். பழத்தை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார்.

இன்ஜினைக் கிளப்பினார்கள். நாற்பத்தாறு சத்தம் எனக்குத் தெரியும், எலியேசர் விமானத்தில் கேட்டது, தையல் மெஷின் மாதிரி. இது அப்படி இல்லை. மாட்டுக் கொட்டகையில் பால் தயிரானது.

சுந்தரவல்லி ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நான் அவள் பின்னால் குடை பிடித்தேன், கண்ணில் வெயில் படாமல்.

"ஏன்னா, குடையை ஆட்டினேள்னா இன்னிக்கு ஆத்துக்கு நீங்க மட்டும் நடந்து வருவேள்."

விமானம் ஓடியது. சாதாரணமாக ட்ரெய்னர் நிதானமாக ஓடி, யோசித்து, அப்புறம் எழும்பும். இது ஓடவே இல்லை. தரை அதைத் தூக்கி எறிந்த மாதிரி கிளம்பியது. மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. ஒரு பருந்து வழிவிட்டு ஒதுங்கி, திரும்பிப் பார்த்தது.

"பாத்தியா, பலம்!" என்றான் பத்ரி.

"த்ராட்டில குறைங்க அக்கா" என்றார் எலியேசர்.

சுந்தரவல்லி இடது கட்டைவிரலைக் கீழே இறக்கினாள். சத்தம் குறையவில்லை. மறுபடி மேலே ஏற்றி இறக்கினாள். அதே சத்தம்.

"குறையலை எலியேசர்."

"முழுசா கீழ இறக்குங்க."

"முழுசா கீழதான் இருக்கு."

எலியேசர் கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தார். "ஆட்டத்துல த்ராட்டில் கம்பி கழண்டுடுச்சு அக்கா. இனிமே இன்ஜின் நம்ம பேச்சைக் கேக்காது. மத்ததெல்லாம் கேக்கும். திருப்பலாம், ஏத்தலாம், இறக்கலாம். ஆனா வேகத்தைக் குறைக்க முடியாது."

"அப்போ எப்படி எறங்கும்?"

"டேங்க் காலியாகி இன்ஜின் தானா நின்னாத்தான் எறங்கும்."

"எப்போ காலியாகும்?"

எலியேசர் பத்ரியைப் பார்த்தார். பத்ரி செருப்பைப் பார்த்தான். ஒரு சைஸ் பெரிய டேங்க்.

எங்கே நிற்கும் என்பதுதான் இப்போது கேள்வி. கட்டாந்தரைக்கு மேலே நின்றால் உள்ளே இறக்கலாம். கொட்டகைக்கு அப்பாலோ, கற்களுக்கு வெளியிலோ நின்றால் அங்கேயே விழும். அப்புறம் கிரிக்கெட் பசங்கள்.

"இறக்கிடு அக்கா, இப்பவே தரையோட இறக்கிடு" என்று பத்ரி கத்தினான்.

"இந்த வேகத்துல தரையைத் தொட்டா ஒரு பந்து மாதிரி எகிறி செங்கல்பட்டுல போய் விழும். வாயை மூடுடா."

அவள் இறக்கவில்லை. கற்களுக்கு நடுவிலேயே விமானத்தை வட்டம் போட வைத்தாள். சின்ன வட்டம். எப்போது நின்றாலும் கற்களுக்குள் இறங்குகிற மாதிரி. சொல்வதற்குச் சுலபம். அந்த இன்ஜினோ ஒவ்வொரு வட்டத்திலும் விமானத்தை மேலே மேலே இழுத்தது. அவள் விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் அசந்தால் அது வட்டத்தை உடைத்துக்கொண்டு வண்டலூருக்குப் போய்ப் புலிகளோடு இருக்கும்.

சுற்றியது. சுற்றியது. அவள் கட்டைவிரல் நகம் வெளுத்துப்போயிருந்தது. வியர்வையில் மூக்குக் கண்ணாடி வழுக்கி இறங்கியது. இரண்டு கையும் ரிமோட்டில்.

"ஏன்னா. கண்ணாடி."

ஒரு கையில் குடை அசையாமல், மறு கையின் ஆட்காட்டி விரலால் கண்ணாடியை மேலே தள்ளினேன். கல்யாணமான நாள்முதல் இவ்வளவு பொறுப்பான வேலையை அவள் என்னிடம் கொடுத்ததில்லை. மறுபடி இறங்கியது. மறுபடி தள்ளினேன். என் மூச்சு அவள் கழுத்தில் படக்கூடாது என்று மூச்சையும் நிறுத்திவைத்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். காலையில் ஈரத்தோடு கட்டிக்கொண்டு வந்த என் வேட்டி, நான் மூச்சு விட்டபோது காய்ந்திருந்தது.

"இன்னாமா, எப்போ எறங்கும் இது?" என்று பொன்னியம்மாள் கல்லிலிருந்து குரல் கொடுத்தாள். "எரும மெர்சலாயி நின்னுக்கினு கீது. வாய்ல போட்ட வைக்கோல மெல்லவே இல்ல!"

"இதோம்மா" என்றார் எலியேசர். அவர் உதடு மட்டும் ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

திடீரென்று சத்தம் மாறியது. உறுமல் மெலிந்து கூர்மையாகி, கீச்சென்று ஒரு ஓலமாக ஏறியது.

"ஃப்யூயல் போகலை" என்றார் எலியேசர். "டேங்க் பாதிகூட ஆகியிருக்காதே! எப்படி?"

ஓலம் அறுந்தது. மூக்கில் சுற்றிய விசிறி நின்றது. அந்த அமைதியில் எருமை மெல்லத் தொடங்கியது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

நின்றது எங்கே? வட்டத்தின் மேற்கு ஓரத்தில். மூக்கு நேராகக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை கனத்தோடு அது மிதக்கவில்லை, இறங்கியது.

"தூக்கு அக்கா, தூக்கு! கொட்டகை, கொட்டகை!" என்று பத்ரி அலறினான்.

"தூக்காதீங்க!" என்றார் எலியேசர். "மூக்கைத் தாழ்த்துங்க. வேகம் போச்சுன்னா அப்படியே கல்லு மாதிரி விழுந்துரும்."

கூரை நெருங்குகிறது. பார்க்கிற யாருக்கும் மேலே தூக்கத்தான் கை வரும். சுந்தரவல்லி கீழே தள்ளினாள். விமானம் கூரையை நோக்கிப் பாய்ந்தது. பொன்னியம்மாள் எழுந்துவிட்டாள். பாய்ந்ததில் கிடைத்த வேகத்தை வைத்துக்கொண்டு சுந்தரவல்லி ஒரே திருப்பாகத் திருப்பினாள். இறக்கை நுனி கொட்டகை ஓலையைத் தடவி, ஒரு கீற்று கழன்று விழுந்தது. விமானம் கிழக்கே திரும்பிவிட்டது.

இப்போது காற்று முதுகுக்குப் பின்னால். தரையைத் தொட்டது. ஒருமுறை எம்பியது. மறுபடி தொட்டது. ஓடியது. பிரேக் கிடையாது. காற்று தள்ளுகிறது, கனம் தள்ளுகிறது. கிழக்கு ஓரத்தில் இரண்டு வெள்ளைக் கற்கள். அவற்றுக்கு நடுவே குறி வைத்த மாதிரி அது ஓடிக்கொண்டிருந்தது.

"நில்லு" என்றாள் சுந்தரவல்லி.

வகுப்பறைக் குரல். முன்பு மின்விசிறியை நிறுத்திய அதே முறைப்பு. நான் சத்தியம் செய்யத் தயார், விமானம் அந்தக் குரலைக் கேட்டது. தயங்கியது. ஊர்ந்தது. நின்றது.

நாங்கள் ஓடினோம். எழுபதைத் தாண்டிய நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். குடை விரித்திருந்ததால் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது.

விமானம் இரண்டு கற்களுக்கும் சரியாக நடுவில். உள்ளேயா, வெளியேயா?

"உள்ளதான்" என்றான் பத்ரி.

"இருங்க" என்றாள் பொன்னியம்மாள். "கவுறு எடுத்தாறேன். யாரும் அதத் தொடக் கூடாது." கொட்டகைப் பக்கம் நடந்தாள். நிதானமாக நடந்தாள். சுந்தரவல்லி ரிமோட்டைக் கழற்றாமலே நின்றாள்.

எலியேசர் மண்டியிட்டார். விமானத்தை அசைக்காமல் சைலன்சர் டியூபை மட்டும் மெதுவாக உருவினார். பித்தளைக் குழாயின் வாய் அடைத்திருந்தது. சூட்டில் வெந்து செங்கல்லாகிப்போன சந்தனம்.

"இதுதான்" என்றார். "இது வழியா காத்து போய்த்தான் டேங்க்கிலேர்ந்து ஃப்யூயலைத் தள்ளும். ஈரமா இருந்தவரைக்கும் விட்டுச்சு. சூடாகி இறுகினதும் அடைச்சிருச்சு. அதான் நின்னுது."

"என் பொட்டுதான் காப்பாத்தித்து!" என்று பத்ரி கையைக் கூப்பினான்.

"உங்க இன்ஜின்கிட்டேர்ந்து உங்க பொட்டு காப்பாத்துச்சு சார்" என்றார் எலியேசர்.

பொன்னியம்மாள் மாடு கட்டும் கயிற்றோடு வந்தாள். ஒரு முனையை ஒரு கல்லின் மேல் வைத்து என்னை மிதிக்கச் சொன்னாள். மறுமுனையை எதிர்க் கல்வரை இழுத்து விறைப்பாகப் பிடித்தாள். குனிந்து பார்த்தாள். நாங்களும் குனிந்தோம்.

கயிறு விமானத்தின் மூக்குக்கு மேலே போயிற்று. சக்கரங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். இறக்கை, வால், மஞ்சள் உடம்பு முழுக்க இந்தப் பக்கம். இன்ஜின் மட்டும் அந்தப் பக்கம், விசிறியோடு, நாக்கை நீட்டிய மாதிரி. நாற்பத்தாறு மாட்டியிருந்தால் ஒரு விரல்கடை குறைந்து அதுவும் உள்ளேயே இருந்திருக்கும். இதை எல்லாரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். பத்ரி உட்பட.

"இன்னா இது" என்றாள் பொன்னியம்மாள். கயிற்றை விடவில்லை. சக்கரத்தையும் இன்ஜினையும் மாறி மாறிப் பார்த்தாள். சுந்தரவல்லியின் கண்ணாடி மறுபடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் கயிற்றை மிதித்துக்கொண்டிருந்ததால் போகமுடியவில்லை. அவளே தள்ளிக்கொண்டாள்.

"என் மாடு வேலியோரம் நின்னு கயுத்த நீட்டி அடுத்தவன் புல்ல மேஞ்சா, நான் இன்னா சொல்வேன் தெரியுமா? கால் எங்க கீதுன்னு பாருடான்னு சொல்வேன். காலு என் நெலத்துல கீதா, மாடு என் நெலத்துலதான் கீது." கயிற்றைச் சுருட்டினாள். "உன் விமானத்துக்குக் காலு உள்ள கீதும்மா. வாரா வாரம் வா."

சுந்தரவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா இது?" பொன்னியம்மாள் காலால் இன்ஜினைக் காட்டினாள். "இது வெளிய கீது. வெளிய கீறது என் நெலத்துக்குள்ள வரக்கூடாது. விமானம் வர்லாம். இந்த மெஷினு வர்றதுக்கு இல்ல. யாரு வாங்கியாந்தது?"

"எங்காத்துச் சீர்..." என்று ஆரம்பித்தான் பத்ரி.

"யாரு ஊட்டுச் சீரா இருந்தாலும் கல்லுக்கு அந்தாண்ட வெச்சுட்டு வா."

நில உரிமையாளர் சொன்னபின் சுந்தரவல்லி என்ன செய்வாள் பாவம். தம்பியைப் பார்த்து, கேட்கக் கேட்க மனம் உருகும் குரலில், "என்னடா பண்றது பத்ரி, அவா சொல்றாளே" என்றாள். எலியேசர் வேறு பக்கம் திரும்பித் தம் பையைத் திறந்தார். உள்ளே புத்தம்புதிய நாற்பத்தாறு இருந்தது. எப்போது வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அது தையல் மெஷின் சத்தத்தோடு ஏறி, நிதானமாகச் சுற்றி, கற்களுக்கு நட்டநடுவில் இறங்கியது. எருமை ஒரு முறைகூட மெல்வதை நிறுத்தவில்லை.

அறுபத்தொன்று இப்போது தாம்பரத்தில் பத்ரியின் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது, எட்டாம் வகுப்புச் சட்டைகளுக்குப் பக்கத்தில். யாருக்கும் விற்கமாட்டான். விமானம் கொஞ்சம் வளரட்டும், மாட்டிக்கொள்ளலாம் என்கிறான்.